விரல் வைத்தால் வாசித்த மாதிரி

சாந்தம்மாவின் லைன் வீடுகளில் ஒரு வீட்டில் மிளகாய் தாளித்தால் ஐந்து வீட்டிலும் தும்முவார்கள். உத்தனப்பள்ளிச் சாலையிலிருந்து உள்ளே பிரிகிற தெரு. சுவர் அவ்வளவு ஒல்லி. அப்படிப்பட்ட இடத்தில் ஒருத்தி கழுத்தில் எந்த நிறத்தில் நாடா தொங்குகிறது என்பது மட்டும் தெரியாமல் போய்விடுமா?

மாதேஸ்வரிக்குத் தொங்கியது மஞ்சள். அவள் வேலை செய்த சிப்காட் கம்பெனியில் அடையாள அட்டையின் நாடா மஞ்சளாக இருந்தால் ஒப்பந்த ஊழியர், நீலமாக இருந்தால் நிரந்தரம். நீலக்காரர்களுக்குக் கம்பெனி பஸ்ஸில் இருக்கை உண்டு. மஞ்சள்காரர்கள் இடமிருந்தால் உட்காரலாம், நீலம் ஏறினால் எழுந்திருக்க வேண்டும். கிருஷ்ணகிரியில் கம்ப்யூட்டர் படித்து முடித்த கையோடு வேலைக்குப் போனவள். கழுத்தில் ஏறிய இரண்டு மஞ்சளில் நாடாதான் மூத்தது. இளையதைக் கட்டிய முனிவேல் பெங்களூரில் கால் டாக்ஸி ஓட்டினான். நினைத்தால் வருவான், வந்தால் தூங்குவான். ஆக, அவளுக்கு வாழ்க்கையில் நம்பி எதிர்பார்க்க இருந்தது அந்த நீல நாடா ஒன்றுதான். அதை அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை. துணி துவைக்கும்போது மஞ்சள் நாடாவை மட்டும் சோப்புப் போடாமல் வெறுமனே அலசிக் காயப்போடுவதைப் பார்த்தே தெருவுக்குத் தெரியும்.

அவளுக்கு ஆவணப் பிரிவில் வேலை. பிரிவு என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். அவள், ஒரு கம்ப்யூட்டர், ஒரு மேசை மின்விசிறி. கார்களுக்குப் பிரேக் பெடல் அடித்துக் கொடுக்கிற கம்பெனிக்கு இத்தனை காகிதம் எதற்கு என்று சாந்தம்மா ஒருமுறை கேட்டிருக்கிறாள். பெடலைவிடக் காகிதம்தான் அதிகம் உற்பத்தியாகிறது என்று மாதேஸ்வரி சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்தக் காகிதங்களை மேய்ப்பதற்குப் பெங்களூர்க்காரர்களிடமிருந்து ஒரு மென்பொருள் வாங்கியிருந்தார்கள். எதை யார் எழுதலாம், யார் திருத்தலாம், யார் ஒப்புதல் தரலாம், எத்தனை வருஷம் வைத்திருந்து எப்போது அழிக்கலாம் என்று எல்லாவற்றுக்கும் அதில் சட்டம் உண்டு. போன மாதம் வந்த முனிவேலுக்கும் இந்த மாதம் வந்தவனுக்கும் என்ன திருத்தம் என்று சொல்லத்தான் அதில் வழியில்லை.

அந்தச் சட்டங்களில் ஒன்றுதான் எல்லோரையும் படுத்தியது. மெஷினை ஓட்டும் முறையில் ஏதாவது மாறினால், திருத்திய காகிதம் அந்த மெஷினில் நிற்கிற ஒவ்வொருவருக்கும் போக வேண்டும். அவர் அதை வாசித்து, புரிந்தது என்று விரல் ரேகை வைக்க வேண்டும். வைக்கும்வரை அவர் பெயர் சிவப்பில் நிற்கும், வைத்ததும் பச்சையாகும். இதற்காகப் பட்டறைக்குள் அங்கங்கே டேப்லெட் மாட்டினார்கள். எண்ணெய் ஊறிய கையுறையைக் கழற்றி, கையைத் துடைத்து, ஆங்கிலத்தில் இருந்ததைப் பத்தி பத்தியாக யார் படிப்பது? பீஸ் கணக்கு என்ன ஆவது? திரையெல்லாம் மிளகாய்ப் பழம் காயப்போட்ட மாதிரி சிவந்து கிடந்தது. தர மேலாளர் மாதவன் திங்கட்கிழமைக் கூட்டத்தில் முதலாளி முன்னால் வாராவாரம் வறுபட்டார்.

யோசனை மாதேஸ்வரியுடையதுதான். கேன்டீனில் சாப்பாட்டுத் தட்டு வேண்டுமானால் வாசலில் விரல் வைக்க வேண்டும். அந்த இயந்திரத்தை மட்டும் யாரும் ஏமாற்றியதில்லை, மறந்ததுமில்லை. அதையும் இதையும் சேர்த்துவிட்டால் என்ன சார் என்று அவள் கேட்டாள். மாதவன் உடனே பெங்களூருக்குப் போன் போட்டாராம். பெங்களூர்ப் பையன்கள் ஒரே மத்தியானத்தில் இணைத்துக் கொடுத்துவிட்டுப் போனார்கள். கேன்டீன் சுவரில், உணவுக்காக விரல் வைப்பவர் தமக்கு அனுப்பப்பட்ட ஆவணங்களை வாசித்துப் புரிந்துகொண்டவராகக் கருதப்படுவார் என்று ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். கை கழுவும் இடத்துக்கு மேலே ஒரு டிவி வைத்து அதில் அந்தப் பக்கங்களை ஓடவிட்டார்கள். ஐபிஎல் சமயத்தில் அதில் வேறு என்னென்னவோ ஓடியது.

மறுவாரமே கம்பெனி முழுக்கப் படித்தவர்கள் ஆனார்கள். அமாவாசையன்று மட்டும் படிப்பறிவு கொஞ்சம் குறையும், புரட்டாசிச் சனிக்கிழமைகளில் இன்னும் சரியும், ரம்ஜான் மாதத்தில் ஒரு குறிப்பிட்ட கூட்டம் எதையுமே படிக்காது. புதன்கிழமை சிக்கன் பிரியாணி. அன்று விடுப்பில் இருப்பவன்கூட வந்து படித்துவிட்டுப் போவான். மாதேஸ்வரி இதையெல்லாம் கவனித்து, புதிய ஆவணங்களைப் புதன்கிழமை மட்டுமே வெளியிட ஆரம்பித்தாள். மாதவன் அவளுக்கு ஒரு ஹாட் பாக்ஸ் பரிசளித்து போட்டோ எடுத்துக்கொண்டார். நிரந்தரம் செய்யச் சொல்லி மேலே எழுதியிருப்பதாகவும் சொன்னார். அன்று சாயந்தரம் அவள் மற்ற வீடுகளுக்கெல்லாம் கேசரி கொடுத்தாள். எதற்கென்று சொல்லவில்லை, எல்லோரும் தெரிந்துகொண்டே சாப்பிட்டார்கள்.

அவளுக்கு அடுத்த வீடு சுடலைமுத்துவுடையது. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், அதே கம்பெனியில் தகட்டை அழுத்தி வளைக்கும் பிரஸ் மெஷின் ஓட்டினார், நீல நாடா. மனைவி தங்கமணி எதைச் சமைத்தாலும் ஒரு கிண்ணம் சுவரைத் தாண்டி மாதேஸ்வரி வீட்டுக்கு வரும். முனிவேல் வராத ராத்திரிகளில் அவளுக்குச் சாப்பாடே பெரும்பாலும் அந்தக் கிண்ணம்தான். அவளைத் தங்கமணி கூப்பிடுவது ஏட்டி என்று, அவர்கள் ஊரில் அடியே என்கிற மாதிரி. முதலில் அந்த வார்த்தை அவளுக்குச் சுருக்கென்று இருந்தது. பிறகு அப்படிக் கூப்பிடாவிட்டால் அக்காவுக்கு ஏதோ கோபம் என்று தோன்றும் அளவுக்குப் பழகிவிட்டது.

சுடலைமுத்து நின்ற பிரஸ் கொஞ்ச நாளாகவே சேட்டை செய்தது. அதை இயக்கும் கால் பெடலிலிருந்து காலை எடுத்த பிறகும் சில சமயம் மேல் அச்சு தானாக ஒரு முறை கூடுதலாக இறங்கியது. பழுது பார்ப்பவர் கோயம்புத்தூரிலிருந்து வர வேண்டும், நாளாகும். காகிதத்தைப் பழுது பார்க்க அரை மணி நேரம் போதும். ஆகவே காகிதத்தைப் பார்த்தார்கள். அச்சில் பீஸ் மாட்டிக்கொண்டால் இதுவரை செய்த மாதிரி காலை எடுத்துவிட்டுக் கையை விடக் கூடாது. சாவியைத் திருப்பி மெஷினை நிறுத்தி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் கையை விட வேண்டும் என்று திருத்தி எழுதினார்கள். மாதவன் ஒப்புதல் தந்தார். மாதேஸ்வரி அதைப் புதன்கிழமை காலையில் வெளியிட்டாள்.

மத்தியானம் சுடலைமுத்து வாசலில் விரல் வைத்தார். பெயர் பச்சையானது. பிரியாணி சாப்பிட்டார். சூப்பர்வைசர் அவரிடம் எதுவும் சொல்லவில்லை. சிஸ்டம் சொல்லிவிட்டது என்று சூப்பர்வைசர் நினைத்தார். சாப்பிட்டுப் போன கொஞ்ச நேரத்தில் பீஸ் மாட்டியது. சுடலைமுத்து இத்தனை வருஷம் செய்த மாதிரியே காலை எடுத்துவிட்டுக் கையை விட்டார். வலது கைக் கட்டைவிரலும் சுட்டுவிரலும் போயின.

தெருவில் அன்று யாரும் அடுப்பு மூட்டவில்லை என்று சொன்னால் அது பொய். மூட்டினார்கள், மெதுவாகப் பேசிக்கொண்டார்கள். சாந்தம்மா வாடகை கேட்கும்போது தெலுங்கு பேசுவாள், பால்காரரிடம் கன்னடம் பேசுவாள், ஊர்வம்புக்கு மட்டும் தமிழ். அன்று மூன்றிலும் மாறி மாறிப் புலம்பினாள். மாதேஸ்வரி ஈஎஸ்ஐ ஆஸ்பத்திரிக்கு ஓடி, தங்கமணியோடு ராத்திரி முழுக்க இருந்தாள். அதையும் சொல்லத்தான் வேண்டும். நடிப்பில்லை, நிஜமாகவே அழுதாள்.

மறுநாளே மாதவன் விசாரணை அறிக்கையைச் சொல்லச் சொல்ல, தட்டச்சு செய்ததும் அவள்தான். தொழிலாளி திருத்தப்பட்ட செயல்முறையை வாசித்துப் புரிந்துகொண்டிருந்தும் அதை மீறி நடந்ததே விபத்துக்குக் காரணம். இந்த வரியில் அவள் கை நின்றது. அன்று அவர் விரல் வைத்தது சாப்பாட்டுக்குத்தானே சார் என்று மெதுவாகக் கேட்டாள்.

மாதவன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“அது நீ கொண்டு வந்த சிஸ்டம்தானேம்மா. இது சாப்பாட்டு விரல்னு இன்னைக்கு ஒத்துக்கிட்டா, மிச்சப் பச்சையெல்லாம் என்ன விரல்னு ஆடிட்டர் கேப்பார். நீயே சொல்லு, என்ன பதில் சொல்லுவே?”

தட்டச்சு செய்து முடித்தாள்.

அத்தோடு போயிருந்தால் அவளை இவ்வளவு பேச வேண்டியதில்லை. சொன்னதை எழுதினாள், மஞ்சள் நாடாக்காரி வேறு என்ன செய்வாள் என்று விட்டிருக்கலாம். ஆனால் மென்பொருளுக்கு இன்னொரு சட்டமும் இருந்தது. விசாரணை அறிக்கையைச் சம்பந்தப்பட்டவர்கள் எல்லோரும் வாசித்து ஏற்றுக்கொண்டால்தான் அந்தக் கோப்பு மூடும். எல்லோரும் மறுநாள் சாம்பார் சாதத்தோடு ஏற்றுக்கொண்டார்கள். ஒரு பெயர் மட்டும் சிவப்பாக நின்றது. சுடலைமுத்து வீட்டில் படுத்திருந்தார், கேன்டீனுக்கு வரவில்லை. வந்தாலும் அவர் ரேகை என்று சிஸ்டத்தில் பதிந்திருந்த கட்டைவிரல் இப்போது இல்லை.

திங்கட்கிழமை வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து ஆடிட்டர் வருகிறார். விபத்துக் கோப்பு திறந்தபடி இருக்கக் கூடாது. மாதவன் சனிக்கிழமை சாயந்தரம் அவளைக் கூப்பிட்டு, கையடக்கமான ரேகை இயந்திரத்தை மேசைமேல் வைத்தார். பக்கத்து வீடுதானே என்றார். இடது கைப் பெருவிரலைப் புதிதாகப் பதிந்து, அதையே வைக்கச் சொன்னால் போதும். நிறைய விளக்க வேண்டாம், மனுஷன் குழம்பிவிடுவார். பிறகு ஞாபகம் வந்தவர் போல, அவளுடைய நிரந்தரக் காகிதம் முதலாளி மேசைக்குப் போய்விட்டது என்றும், இந்தக் கோப்பு மூடினால் கையெழுத்தாகிவிடும் என்றும் சொன்னார்.

அந்த விரலின் அர்த்தம் மாதேஸ்வரிக்கு நன்றாகவே தெரியும். விரலுக்கு உண்டான பணத்தை ஈஎஸ்ஐ எப்படியும் கொடுத்துவிடும். வேலைதான் கேள்வி. சுடலைமுத்து எதையும் ஏற்காமல் இருந்தால், சொல்லிக்கொடுக்காதது கம்பெனியின் தப்பு என்று வாதாடலாம், காவலுக்கோ ஸ்டோருக்கோ மாற்றிக் கொடுங்கள் என்று கேட்கலாம். ஏற்றுக்கொண்டால், தெரிந்தே விதியை மீறியவர் ஆகிவிடுவார், வீட்டுக்கு அனுப்பலாம். ராத்திரி அவள் இயந்திரத்தை அரிசி டப்பாவின் மேல் வைத்துவிட்டுப் படுத்தாள். அடுத்த வீட்டில் சுடலைமுத்து வலியில் முனகுவதும், தங்கமணி ஏதோ சொல்லிச் சமாதானப்படுத்துவதும் சுவர் வழியாகக் கேட்டுக்கொண்டே இருந்தன.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் இயந்திரத்தைச் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். தங்கமணி சோற்றைப் பிசைந்து சுடலைமுத்துவுக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். வலது கையில் பெரிய கட்டு. இடது கையால் சாப்பிட அவருக்கு மனசு வரவில்லை, அதனால் ஊட்டல். ஆள் வந்ததும் வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டார்.

“வாம்மா. பாத்தியா, பச்சப்புள்ள மாதிரி ஆக்கிட்டா உங்க அக்கா.”

மாதேஸ்வரி உட்கார்ந்தாள். வலி எப்படி இருக்கிறது, தையல் எப்போது பிரிப்பார்கள் என்றெல்லாம் கேட்டாள். பிறகு இயந்திரத்தை வெளியே எடுத்தாள். சுடலைமுத்து அதைப் பார்த்தார்.

“இது என்னத்துக்கும்மா?”

இந்தக் கேள்விக்குச் சரியான பதில் அவளுடைய போனிலேயே இருந்தது. அவளே தட்டச்சு செய்தது, ஒன்றரைப் பக்கம். தமிழில் வாசித்துக் காட்டினால் தங்கமணி ஒரு உருண்டை ஊட்டி முடிப்பதற்குள் விஷயம் விளங்கியிருக்கும். அவள் தொண்டை வரை வந்ததாகப் பிற்பாடு சாந்தம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். தொண்டை வரை வருவதற்கெல்லாம் கணக்குண்டா?

“லீவுக்குண்ணா. ஆஸ்பத்திரி லீவு சிஸ்டத்துல ஏறணும். பழைய வெரல் இனிமே எடுக்காதில்லீங்களா.”

“கேட்டியா தங்கம், லீவுல இருக்கும்போதும் கம்பெனி நம்மள மறக்கல பாரு.” அவர் இடது கையை வேட்டியில் துடைத்தார். நீட்டப் போனவர், பாதியில் தயங்கினார். “எடது கையா இருக்கே. பரவாயில்லியாம்மா?”

பரவாயில்லை என்றாள். பதிவுக்கு மூன்று முறை வைக்க வேண்டும், நான்காவது முறை வைத்தால் ஏற்பு. விரல் சரியாகப் பதியாததால் அவளே அவருடைய பெருவிரலைப் பிடித்து அழுத்தினாள். பெரிய விரல், வருஷக்கணக்கான இரும்புத்தூள் ரேகையில் கறுத்து இறங்கியிருந்தது. பச்சை விளக்கு எரிந்தது.

அவள் எழுந்ததும் தங்கமணி விடவில்லை. “ஏட்டி, வந்தவ வெறும் வயித்தோடயா போவ? கருவாட்டுக் கொழம்பு வச்சிருக்கேன், உக்காரு” என்று தட்டை வைத்துவிட்டாள். மாதேஸ்வரி உட்கார்ந்தாள். சாப்பிட்டாள். இரண்டாவது முறையும் சோறு வாங்கிக்கொண்டாள் என்று தங்கமணி பிறகு எல்லோரிடமும் சொன்னாள். அது ஒன்றைத்தான் அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

ஆடிட்டர் வந்தார், திரை முழுக்கப் பச்சையைப் பார்த்தார், பாராட்டிவிட்டுப் போனார். மாத முடிவில் மாதேஸ்வரிக்கு நீல நாடா வந்தது.

சுடலைமுத்து தையல் பிரித்து, காயம் ஆறி, ஒரு காலையில் குளித்து விபூதி பூசிக்கொண்டு கம்பெனிக்குப் போனார். ஸ்டோரில் ஏதாவது கேட்கலாம் என்று நினைப்பு. அட்டையைக் காட்டினால் கதவு திறக்கவில்லை. மனிதவளத்துறை ஆள் வெளியே வந்து, நீங்களே உங்கள் தப்பை ஏற்றுக்கொண்டுவிட்டீர்களே, வீட்டிலிருந்தபடியே விரல் வைத்திருக்கிறீர்கள், அதன்படிதான் முடிவெடுத்தோம் என்று மரியாதையாகவே சொன்னாராம். அவர் லீவுக்கு வைத்த விரல் அது என்று சொல்லிப் பார்த்தார். லீவுக்கு விரல் வைக்கிற முறையே கம்பெனியில் கிடையாது என்று அந்த ஆள் சொன்னார். அதுவும் உண்மைதான். சுடலைமுத்து பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் நடந்தே வீட்டுக்கு வந்தார்.

அன்று சாயந்தரம் மாதேஸ்வரி பஸ்ஸிலிருந்து இறங்கி வரும்போது தெருக் குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. மற்ற வீட்டுப் பெண்கள் எல்லோரும் இருந்தார்கள். சாந்தம்மாகூட வேலை ஏதுமில்லாமல் வந்து நின்றிருந்தாள். சண்டை நடக்கும் என்று எல்லோருக்கும் எதிர்பார்ப்பு. தங்கமணி கத்தத் தெரிந்தவள். ஆனால் அவள் குடத்தை நகர்த்தி மாதேஸ்வரிக்கு இடம்விட்டு ஒதுங்கினாள். ஏட்டி என்று கூப்பிடவில்லை.

“அன்னைக்கு நான் ஒன்ட்ட வெரல கேட்டா சோறு போட்டேன், மாதேஸ்வரி?”

அவ்வளவுதான் கேட்டாள். மாதேஸ்வரி, அக்கா என்று ஆரம்பித்து, சார் சொன்னார், எனக்கும் வேற வழி என்று ஏதோ சொல்ல வந்தாள். தங்கமணி அதற்குள் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். சாந்தம்மாதான் விடவில்லை. ஏனம்மா, அந்த மனுஷனைக் கேட்டிருந்தா தெரிஞ்சேகூட உனக்காக வச்சிருப்பானே, பொய் எதுக்கு என்றாள். வைத்திருப்பாரா மாட்டாரா என்று அதன் பிறகு குழாயடியில் ரொம்ப நாள் விவாதம் நடந்தது. முடிவு தெரியவில்லை, கேட்டுப் பார்க்க சுடலைமுத்துவும் தங்கமணியும் இல்லை. அந்த வாரக் கடைசியில் சாமானை ஒரு சின்ன லாரியில் ஏற்றிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார்கள். தங்கமணி ஒவ்வொரு வீட்டிலும் சொல்லிக்கொண்டு போனாள், ஒரு வீட்டைத் தவிர. அந்த வீட்டில் கதவு சாத்தியிருந்தது. ஆள் உள்ளேதான் இருந்தாள் என்பது சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தவர்களுக்குத் தெரியும்.

காலி வீட்டுக்கு ஆள் வரச் சாந்தம்மா ஒரு மாதம்கூடக் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. சாமல்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு இளம் ஜோடி வந்தது. மாப்பிள்ளைக்கு அதே கம்பெனியில், அதே பிரஸ்ஸில் வேலை. மஞ்சள் நாடாதான். நீலத்தை வீட்டுக்கு அனுப்பிய இடத்தில் மஞ்சளை வைப்பதுதானே வழக்கம். பழுது பார்ப்பவர் கோயம்புத்தூரிலிருந்து இன்னும் வரவில்லை. அந்தப் பெண்ணின் பெயர் யுவஸ்ரீ. குடித்தனம் வந்த மறுநாள் குழாயடியில் மாதேஸ்வரியைப் பிடித்துக்கொண்டாள்.

“நீங்களும் அங்கதான் வேலைன்னு ஓனரம்மா சொன்னாங்க. எப்படிக்கா கம்பெனி?”

குழாயடியில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மாதேஸ்வரி குடத்தைக் குழாய்க்கு நேராக நகர்த்தி வைத்தாள்.

“சாப்பாடு நல்லாருக்கும். புதன்கிழமை பிரியாணி போடுவாங்க.”

அவருக்குப் பிரியாணி என்றால் உயிர் என்று சொல்லி அந்தப் பெண் சந்தோஷப்பட்டாள். மாதேஸ்வரி நிறைந்த குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, தண்ணீர் நின்றுவிடப் போகிறது, சீக்கிரம் உன் குடத்தை வை என்று அவளை அவசரப்படுத்தினாள்.